வெப்ப ஊரிலிருந்து குளிர்நீருக்கு: டிரைசூட் அணிந்து முக்குளிக்கத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

மலேசியாவின் குளுவாங் வட்டாரத்திலிருந்து ஸ்கூபா பழகப் போகிறவர்கள் காஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங்கை அடைந்து, படகேறித் தியோமான் தீவுக்குப் போய், 28 அல்லது 29 பாகை செல்சியஸ் உள்ள கடல்நீரில் மெல்லிய வெட்சூட்டுடன் அடிப்படைச் சான்றிதழைப் பெற்றுவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழுடன் ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவுக்கோ, ஜப்பானின் இசு தீபகற்பத்துக்கோ, ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவுக்கோ போகத் திட்டமிடும்போதுதான், நீரை உள்ளே விடாத முக்குளிப்பு உடையான டிரைசூட் என்ற பேச்சே எழுகிறது. தோட்டப்புறத்துப் பட்டணம் ஒன்றில் இருந்துகொண்டு, குளிர்நீர் என்பதையே பார்த்திராத நிலையில், இந்த உடையை எப்படிப் பழகத் தொடங்குவது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். டிரைசூட்டைத் தடித்த வெட்சூட்டாகவும், குளிர்காக்கும் ஒரு துணியாகவும் மட்டும் கருதுகிறவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு நேரே குளிர்நாட்டில் போய் முதன்முறையாக அதை அணிகிறார்கள். உண்மையில் டிரைசூட் என்பது உடலைச் சுற்றிக் கட்டிய காற்றுப்பை. பி.சி.டி. எனப்படும் மிதவைச் சட்டையில் உள்ள காற்றை ஆளக் கற்றுக்கொண்டது போலவே, கழுத்திலிருந்து கால்விரல் வரை பரவியிருக்கும் இந்த இரண்டாவது காற்றையும் ஆளக் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் கற்பதற்கு ஏற்ற இடம், விரல்கள் மரத்துப்போகாத, தடித்த கையுறை தேவைப்படாத, தடுமாறினாலும் நிதானமாக யோசிக்க முடிகிற வெதுவெதுப்பான நீர்தான். ஆகவே வெப்ப நாட்டில் இருப்பதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

உடை எப்படி வேலை செய்கிறது

நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்கிறது. வெட்சூட் தன்னுள் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தை அனுமதித்து, நியோப்ரீன் நுரையின் குமிழ்களைக் கொண்டு அந்த நீரின் சூட்டைத் தக்கவைக்கிறது. ஆனால் ஆழம் கூடக்கூட அந்த நுரை நசுங்கி, அதன் காப்புத்திறனும் குறைந்துவிடுகிறது. டிரைசூட் நீரை உள்ளேயே விடுவதில்லை. உள்ளே அணியும் தெர்மல் ஆடையின் இழைகளுக்கிடையே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. ஆழத்தில் நசுங்கும் காற்றை ஈடுகட்டச் சிலிண்டரிலிருந்து புதிய காற்றைச் செலுத்திக்கொள்ளலாம்.

இன்று பரவலாகக் கிடைப்பவை இரண்டு வகை. டிரைலேமினேட் உடை, நைலான் அல்லது பாலியெஸ்டர் துணிகளுக்கிடையே ரப்பர் படலத்தை வைத்து ஒட்டியது. மெல்லியது, விரைவில் உலரும், ஆனால் தானாகச் சூடு எதையும் தராது. நியோப்ரீன் டிரைசூட் தானே ஓரளவு சூடு தரும், உடலோடு ஒட்டி நிற்கும். ஆனால் கனமானது, உலர நாளாகும். விமானத்தில் தூக்கிச் செல்ல வேண்டிய நமக்கும், உலராத துணி இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும் நம் ஊருக்கும் டிரைலேமினேட்தான் பொருத்தம் என்பது என் கருத்து. தொடக்கத்திலேயே சொந்தமாக வாங்க வேண்டாம். பயிற்சிக்கு வாடகை உடையே போதும். உங்கள் உடலமைப்புக்கும் நீங்கள் போக விரும்பும் நீருக்கும் எது சரிப்படும் என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

சீல்: பால்மரத்திலிருந்து வந்த பகுதி

கழுத்திலும் இரு மணிக்கட்டுகளிலும் நீரைத் தடுத்து நிறுத்துவது சீல் எனப்படும் மெல்லிய வளையம். அது லேடெக்ஸாகவோ, சிலிக்கோனாகவோ, நியோப்ரீனாகவோ இருக்கலாம். லேடெக்ஸ் என்பது நம் பெரியவர்கள் விடியற்காலையில் வெட்டி, மங்கில் பிடித்து, வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுபோன அதே ரப்பர் பால்தான். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வசிக்கும், நெடுங்காலம் பால்வெட்டிய பெரியவர் ஒருவர், நான் வாசலில் விரித்து வைத்திருந்த கழுத்துச் சீலை இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இத வெயில்ல போட்டுறாத, ரப்பர் சீட்டு மாதிரியே பிசுபிசுன்னு ஆயிரும்" என்றார். டிரைசூட் பராமரிப்புக் கையேடுகள் பல பக்கங்களில் சொல்வதன் சாரம் அதுதான். வெயிலும், ஓசோனும், எண்ணெயும், செம்பும் இயற்கை ரப்பரைக் கெடுக்கும். வெயிலில் கிடந்த லேடெக்ஸ் முதலில் பிசுக்கென்றாகும், பிறகு மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும், கடைசியில் அணியும்போது ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். சீலைச் சற்று இழுத்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்த வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். வாடகை உடையை வாங்கும்போது முதலில் செய்ய வேண்டிய சோதனை இது.

நம் வீடுகளின் பழக்கங்கள் சில இங்கே குறுக்கே வரும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கழுத்துச் சீலுக்குள் தலையை நுழைக்கக் கூடாது. வலிக்குத் தேய்த்த தைலம், வெயில் காப்புக் களிம்பு, கொசு மருந்து ஆகியவையும் ஆகாது. சீல் எளிதாக வழுக்குவதற்கு மணமற்ற டால்க் பவுடரையோ நீர் சார்ந்த வழவழப்புக் கரைசலையோ பயன்படுத்த வேண்டும். முகத்துக்குப் பூசும் மணமுள்ள பவுடரில் கலந்திருக்கும் வாசனை எண்ணெய் ரப்பருக்குப் பகை. மணிக்கட்டில் கோயில் கயிறு இருந்தால் அதைச் சீலுக்கு மேலே முழங்கை நோக்கித் தள்ளிவிட வேண்டும், அல்லது கழற்ற வேண்டும், ஏனெனில் கயிற்றின் அடியில் உண்டாகும் இடுக்கு வழியே நீர் புகுந்துவிடும். தாலிச் சங்கிலியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதன் எந்தக் கண்ணியும் சீலின் கீழ் சிக்காதபடி முழுவதையும் உள்ளாடைக்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மோதிரமும் வளையலும் கரையிலேயே இருக்கட்டும். நீண்ட கூந்தலை உச்சியில் கட்டிக்கொள்வது நல்லது. கழுத்தில் ஒட்டிய ஒரு கற்றை முடி போதும், நெஞ்சு முழுவதும் நனைந்துவிடும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லி, சிலிக்கோன் அல்லது நியோப்ரீன் சீல் கொண்ட உடையைக் கேட்க வேண்டும்.

அணியும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டுச் சீலில் கையை நுழைக்கும்போது விரல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைக் கூம்பாக்கிக்கொண்டு, மறுகையின் இரண்டு விரல்களைச் சீலுக்குள் விட்டு அதை விரித்தபடி மெதுவாகத் தள்ள வேண்டும். நகத்தால் பற்றி இழுக்கக் கூடாது. கழுத்துச் சீலுக்கு இரு கைகளின் விரல்களையும் உள்ளே விட்டு விரித்து, தலையை மேலிருந்து நுழைத்து, காது மடல்களைத் தாண்டியபின் விடுவிக்க வேண்டும். பிறகு விரலால் சுற்றித் தடவி, எங்கும் மடிப்பின்றித் தோலின் மீது தட்டையாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியோப்ரீன் கழுத்துச் சீலாக இருந்தால் அதன் விளிம்பை உட்புறமாக மடித்துவிட வேண்டும்.

புதிய லேடெக்ஸ் சீல் பெரும்பாலும் இறுக்கமாகவே வரும். கழுத்தில் அளவுக்கு மீறி இறுகினால் அங்குள்ள கழுத்து நாடியின் அழுத்த உணரிகள் தூண்டப்பட்டு, இதயத்துடிப்பு குறைந்து, தலைசுற்றும், மயக்கமும் வரலாம். இதைப் "பழகிவிடும்" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. சீலின் மேல் காணப்படும் வளையக் கோடுகளை ஒட்டி, கூர்மையான பெரிய கத்தரிக்கோலால், ஒரு நேரத்தில் ஒரு வளையம் மட்டும் வெட்டி, அணிந்து பார்த்து, தேவைப்பட்டால் அடுத்ததை வெட்ட வேண்டும். வெட்டு ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். விளிம்பில் சிறு பிசிறு நின்றாலும் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். முதல் முறை இதைப் பயிற்றுநர் முன்னிலையில் செய்வதே நல்லது. வெட்டியதை ஒட்ட வைக்க வழியில்லை.

ஜிப்பும் வால்வுகளும்

தோள்களுக்குக் குறுக்கே முதுகில் ஓடும் ஜிப்பை மூட இன்னொருவர் வேண்டும். மார்பின் குறுக்கே சாய்வாக ஓடும் ஜிப்பைத் தாமே மூடலாம். யார் மூடினாலும், கடைசி ஒரு சென்டிமீட்டர் வரை இறுகிவிட்டதா என்று தோழர் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதி செய்ய வேண்டும், ஏனெனில் டிரைசூட்டில் நனைந்து திரும்புகிறவர்களில் கணிசமானோரின் கதை அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. பித்தளை ஜிப்பின் பற்களுக்கு வெளிப்புறமாக மெழுகு தேய்ப்பார்கள். பிளாஸ்டிக் ஜிப்புக்கு அது முடியும் முனையில் உற்பத்தியாளர் சொல்லும் கிரீஸை மட்டும் இட வேண்டும். எந்த ஜிப்பையும் கூர்மையாக மடிக்கக் கூடாது. அதை மாற்றும் செலவு பெரிது.

காற்றை உள்ளே விடும் வால்வு நெஞ்சின் நடுவே இருக்கும். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரின் முதல் நிலையிலிருந்து, அதாவது சிலிண்டரில் பொருத்தும் பகுதியிலிருந்து, வரும் தனிக் குழாய் அதில் பொருந்தும். காற்றை வெளியேற்றும் வால்வு இடது மேற்கையில் இருக்கும். அதைக் கடிகார முள்ளின் திசைக்கு எதிராகத் திருப்பினால் திறக்கும், கடிகார முள்ளின் திசையில் திருப்பினால் இறுகும். முழுதும் திறந்திருக்கும்போது, கையை உயர்த்தி வால்வை உடலின் மிக உயர்ந்த புள்ளியாக ஆக்கினால், காற்று தானாகவே வெளியேறும். நீரில் இறங்குமுன் உள்விடும் வால்வைச் சில முறை அழுத்தி, அது ஒட்டிக்கொள்ளாமல் மீள்கிறதா என்றும், வெளியேற்றும் வால்வைத் திறந்து உடையைக் கட்டிப்பிடித்து நசுக்கினால் காற்று சீறி வெளியேறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் குழாயை ஒரே கையால், கையுறையுடன், கண்ணால் பார்க்காமல் கழற்றவும் பழக வேண்டும். இதன் தேவை பின்னால் வருகிறது.

உள்ளே என்ன அணிவது

பருத்தி கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு நனைந்த துணியாகவே உடலில் ஒட்டிக்கிடக்கும். தோலை ஒட்டி ஈரத்தைக் கடத்தும் செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளியும், அதற்கு மேல் ஃப்ளீஸ் போன்ற தடித்த ஆடையும் வழக்கம். சில்ஃப்ராவின் 2 முதல் 4 பாகை நீருக்குத் தேவையான தடித்த ஆடையை நம் ஊர்ப் பயிற்சிக்கு அணிந்தால் கரையிலேயே மயங்கி விழ நேரிடும். பயிற்சிக்கு ஒரே மெல்லிய அடுக்கு போதும்.

நம் வெப்பத்தில் இதுதான் உண்மையான ஆபத்து. நண்பகலில் மூடிய டிரைசூட்டுடன் கால் மணி நேரம் நின்று விளக்கம் கேட்பது வெப்பத் தளர்ச்சியை வரவழைக்கும் செயல். எல்லாக் கருவிகளையும் முதலில் பொருத்தி, விளக்கங்களையெல்லாம் கேட்டு முடித்து, உடையை இடுப்பு வரை மட்டும் அணிந்து நிழலில் காத்திருந்து, இறங்குவதற்குச் சற்று முன்புதான் ஜிப்பை மூட வேண்டும். தலைவலியோ குமட்டலோ தோன்றினால் உடனே ஜிப்பைத் திறக்கச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு நீரில் இருக்கும்படி பயிற்சியை அமைக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

இதோடு சேர்ந்த குழப்பம் ஒன்றும் உண்டு. பயிற்சி முடித்து உடையைக் கழற்றும்போது உள்ளாடை ஈரமாக இருந்தால், உடை ஒழுகுகிறது என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். ஒழுகல் ஓரிடத்தில் தொடங்கித் தடம் போட்டுப் பரவும்: மணிக்கட்டிலிருந்து முன்கைக்கும், கழுத்திலிருந்து நெஞ்சுக்கும். முதுகும் மார்பும் அக்குளும் ஒரே சீராக நனைந்திருந்தால் அது பெரும்பாலும் வியர்வைதான்.

உடையோடு இணைந்த காலணியோ, சாக்ஸுக்கு மேல் அணியும் பூட்ஸோ பருமனாக இருக்கும் என்பதால், தியோமானில் பயன்படுத்திய பாதம் முழுதும் மூடும் துடுப்புகள் இதற்குப் பொருந்தா. குதிகால் திறந்த, பட்டை வைத்த பெரிய அளவுத் துடுப்பு தேவை.

ஆழமும் காற்றும் எடையும்

கடல் மட்டத்தில் உடைக்குள் 10 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால் அது 5 லிட்டராகச் சுருங்கும். 20 மீட்டரில் ஏறத்தாழ 3.3 லிட்டர், 30 மீட்டரில் 2.5 லிட்டர். முதல் 10 மீட்டரில் 5 லிட்டர் போய்விடுகிறது, அதாவது ஏறத்தாழ 5 கிலோ மிதப்பு குறைகிறது. அடுத்த 20 மீட்டரில் போவது அதில் பாதிதான். டிரைசூட்டின் சிக்கல்களில் பெரும்பாலானவை மேல்மட்டத்து 10 மீட்டரில் ஏற்படுவதற்கும், புதியவர்கள் ஆழம் குறைவு என்று எண்ணும் இடத்திலேயே கட்டுப்பாட்டை இழப்பதற்கும் இதுவே காரணம்.

இறங்கும்போது சுருங்கும் உடை உடலைக் கவ்வும். மடிப்புகள் தோலைக் கிள்ளும். காற்றைச் சேர்க்காமல் தொடர்ந்தால் தோலில் சிவந்த தடங்கள் விழும், அசைவதும் கடினமாகும். கவ்வல் தோன்றத் தொடங்கியதும் வால்வைச் சிறிது சிறிதாக, அரை விநாடி அளவில், விட்டுவிட்டு அழுத்த வேண்டும். நீண்ட ஒரே அழுத்தம் கூடாது.

நீருக்கடியில் மிதப்பை உடையால் சரிசெய்வதா, பி.சி.டி.யால் சரிசெய்வதா என்பதில் பயிற்சி அமைப்புகளுக்கிடையே ஒரே கருத்து இல்லை. உடையில் மட்டும் காற்றைச் சேர்த்தால் கவனிக்க வேண்டிய காற்றுப்பை ஒன்றுதான் என்பது ஒரு சாராரின் வாதம். உடையில் கவ்வலைத் தீர்க்கும் அளவுக்கு மட்டும் காற்று விட்டு, மீதியைப் பி.சி.டி.யில் வைத்தால் கால்களுக்கு ஓடும் காற்று குறையும் என்பது இன்னொரு சாராரின் வாதம். பயிற்சியில் உங்கள் பயிற்றுநர் கற்பிப்பதைப் பின்பற்றுங்கள். எடை சரியாக இருந்தால் இந்த விவாதத்தின் பெரும்பகுதி தேவையற்றதாகிவிடும். மிகையான ஈயத்தைச் சுமப்பவர்தான் மிகையான காற்றையும் சுமக்க வேண்டியிருக்கிறது. நீர்ப்பரப்பில் மிதந்திருக்க மட்டும் எப்போதும் பி.சி.டி.யையே பயன்படுத்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

எடையைப் பார்க்கும் முறை இது: சிலிண்டரில் 50 பார் (அழுத்தத்தின் அலகு) அளவு காற்றே எஞ்சியிருக்கும் நிலையில், பி.சி.டி.யை முழுதும் காலியாக்கி, உடையில் வசதிக்குத் தேவையான காற்று மட்டும் இருக்க, 5 மீட்டர் ஆழத்தில் மேலெழாமல் நிற்க முடிய வேண்டும். நிறைந்த சிலிண்டருடன் பார்த்தால் கணக்குத் தவறும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாருக்கு நிரப்பிய காற்றின் எடை ஏறத்தாழ 3 கிலோ. முக்குளிப்பின் முடிவில் அதில் பெரும்பகுதி உங்களோடு இருக்காது.

தியோமானில் கண்டறிந்த எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை அப்படியே சில்ஃப்ராவில் சொல்லாதீர்கள். சில்ஃப்ராவின் நீர் பனிப்பாறை உருகி, எரிமலைப் பாறை வழியே வடிந்து வரும் நன்னீர். நன்னீர் கடல்நீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அடர்த்தி குறைந்தது. கருவிகளோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ ஈயம் அங்கே குறைய வேண்டும். அதே வேளையில் தடித்த உள்ளாடை கூடுதல் காற்றைப் பிடித்துவைப்பதால் சில கிலோ கூட வேண்டும். நம் பகுதிகளில் பரவலாக உள்ள அலுமினியச் சிலிண்டருக்கும் ஐரோப்பாவில் பெரும்பாலும் தரும் இரும்புச் சிலிண்டருக்கும் இடையே இன்னும் ஒரு வேறுபாடு. ஆகவே அங்கே போய் மீண்டும் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குளத்தில் பழக வேண்டியவை

டிரைசூட் பயிற்சி எல்லா டைவிங் மையங்களிலும் கிடைக்காது; வெப்ப நாட்டில் அதைக் கற்பிக்கும் பயிற்றுநர் குறைவு என்பதால் விசாரித்து, தேதியை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கிழக்குக் கரைத் தீவுகளில் டைவிங் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த மாதங்களைக் குளப் பயிற்சிக்கும், மார்ச்சுக்குப் பின் கடல் பயிற்சிக்கும் ஒதுக்கலாம். பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் டிரைசூட் பயிற்சியில் சேர அடிப்படைச் சான்றிதழ் போதும். அதில் குளப் பயிற்சியும் இரண்டு திறந்தவெளி முக்குளிப்புகளும் அடங்கும். இந்தக் கட்டுரை அந்தப் பயிற்சிக்கு மாற்று அன்று. பயிற்றுநர் இல்லாமல் டிரைசூட்டை முயன்று பார்க்கக் கூடாது.

குளத்தில் முதலில், நெஞ்சளவு நீரில் குந்தி, கழுத்துச் சீலை ஒரு விரலால் சற்றே விலக்கி, உள்ளிருக்கும் மிகைக் காற்றை வெளியேற்றப் பழக வேண்டும். நீர் உடையை நாலாபுறமும் அழுத்த, காற்று கழுத்து வழியே வெளியேறுவதும், துணி கால்களில் ஒட்டிக்கொள்வதும் நன்றாகத் தெரியும். பிறகு கீழே இறங்கி, கிடைமட்டமாக நின்று, ஒரே மட்டத்தில் அசையாமல் இருக்கப் பழக வேண்டும்.

அடுத்தது தலைகீழ் நிலை. பயிற்சியின் மிக முக்கியமான பகுதி இதுவே என்று நான் கருதுகிறேன், ஆகவே இதில் அவசரம் காட்டும் பயிற்றுநரிடம் மீண்டும் செய்ய வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கால் தலையைவிட உயர்ந்தால் உடைக்குள் இருக்கும் காற்று கால்களுக்கு ஓடும்; பூட்ஸ் உப்பி, துடுப்பு கழன்றும் போகலாம். வெளியேற்றும் வால்வு கையில், அதாவது இப்போது தாழ்ந்த புள்ளியில் இருப்பதால், அதன் வழியே காற்று போகாது. மேலே எழ எழக் காற்று விரிந்து, எழுச்சியின் வேகமும் கூடிக்கொண்டே போகும். இதிலிருந்து மீள, முழங்கால்களை மடித்து நெஞ்சுக்குக் கொண்டுவந்து, உடலைப் பந்தாகச் சுருட்டி, துடுப்பால் வலுவாக உதைத்துப் புரண்டு, தலை மேலாக வந்தவுடன் இடது முழங்கையை உயர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். மூளை யோசிக்கும் முன் உடல் தானே இதைச் செய்யும்வரை பழக வேண்டும்.

உள்விடும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஒரு கையால் வெளியேற்றும் வால்வை உயர்த்திப் பிடித்தபடி, மறு கையால் குழாயைக் கழற்ற வேண்டும். மேலே ஒற்றைக் கையால் கழற்றப் பழகச் சொன்னது இதற்காகத்தான். வெளியேற்றும் வால்வு அடைத்துக்கொண்டால் மணிக்கட்டுச் சீலையோ கழுத்துச் சீலையோ விலக்கிக் காற்றை விடலாம். குளிர்நீர் உள்ளே வரும், ஆனால் எழுச்சி நிற்கும். சீல் கிழிந்து உடை முழுதும் நீர் நிறைந்தால் பாறாங்கல்லாக மூழ்கிவிடுவோம் என்ற அச்சம் தேவையில்லை. நீருக்குள் நீருக்கு எடையில்லை. இழப்பது காற்றின் மிதப்பை மட்டுமே, அதைப் பி.சி.டி. ஈடுகட்டும். சிரமம் வெளியேறும்போதுதான்: உடைக்குள் நிற்கும் நீர் பல கிலோ எடையுடன் கால்களில் தேங்கும் என்பதால் படகின் ஏணியில் மெதுவாக, நீர் வடிய நேரம் கொடுத்து ஏற வேண்டும்.

மேலே வரும்போது உடல் நிமிர்ந்திருக்க, இடது முழங்கை உயர்ந்திருக்க, வெளியேற்றும் வால்வு முழுதும் திறந்திருக்க, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் வந்து, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். காற்றை முன்கூட்டியே விடத் தொடங்குங்கள். எழுச்சி தொடங்கிய பிறகு விடத் தொடங்குவது தாமதம்.

குளிர்நாட்டில் மாறுபவை

உங்கள் வெப்பநாட்டு ரெகுலேட்டரை 10 பாகைக்குக் கீழான நீருக்கு எடுத்துச் செல்லாதீர்கள். காற்று விரிவடையும்போது குளிர்வதால் முதல் நிலையில் பனி உறைந்து, காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கலாம். குளிர்நீருக்கென அமைந்த, முதல் நிலை மூடப்பட்ட ரெகுலேட்டரை அங்கேயே வாடகைக்கு எடுப்பது எளிது. உடைக்குக் காற்று விடும் அதே கணத்தில் மூச்சையும் இழுத்தால் ரெகுலேட்டரின் மீது சுமை கூடும். சிறு அழுத்தங்கள் என்று முன்பு சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

சில்ஃப்ராவில் டிரைசூட் சான்றிதழையோ, டிரைசூட்டில் முக்குளித்ததற்கான கையொப்பமிட்ட பதிவுகளையோ காட்ட வேண்டும். முன்பதிவின்போதே உயரம், எடை, காலணி அளவு ஆகியவற்றைச் சரியாக எழுதி அனுப்ப வேண்டும், மெலிந்து தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு அங்கே இடமில்லை. முதல் குளிர்நீர்ப் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது இசு தீபகற்பம்தான். குளிர்காலக் கடைசியில் அங்கே நீர் 14, 15 பாகை வரை இறங்கும்; உள்ளூர்க்காரர்களே டிரைசூட்டில் முக்குளிப்பதால் வாடகை உடைகளும் பழகிய கண்களும் உண்டு; மரத்துப்போகும் குளிரும் அன்று. ஸ்காப்பா ஃப்ளோவில் 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் கடற்படை தானே மூழ்கடித்த போர்க்கப்பல்களில் எஞ்சியவை ஆழத்தில் கிடக்கின்றன. கோடையிலும் 12, 13 பாகைதான். அவற்றில் பெரியவை 30 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உள்ளன. அனுபவம் சேர்ந்த பிறகு போக வேண்டிய இடம் அது.

பெரும்பாலான வாடகை உடைகளில், உடையைக் கழற்றாமல் சிறுநீர் கழிக்க முடியாது என்பதால் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். உடலில் நீர் குறைவதும், முக்குளிப்பின் முடிவில் குளிர்ந்துபோவதும் அழுத்த நோய்க்கான (உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாக வெளிப்படுவதால் வரும் நோய்) வாய்ப்பைக் கூட்டுபவை. தண்ணீரைக் குடியுங்கள், பெரியவர்களுக்கான டயப்பர் அணிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தேர்ந்தவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். திரும்பும் விமானத்துக்கு முன், ஒரே ஒரு முக்குளிப்பானால் 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்திருந்தால் 18 மணி நேரமும் குறைந்தது காத்திருக்க வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்வது

சொந்த உடை வாங்கியவர்கள் அதை நன்னீரில் அலசி, முதலில் வெளிப்புறத்தையும், ஈரம் புகுந்திருந்தால் திருப்பிப் போட்டு உட்புறத்தையும் நிழலில் உலர்த்த வேண்டும். கார் பூட்டில் விட்டுவைக்கக் கூடாது. குளிர்பெட்டியின் பின்புறமும் நீர் இறைக்கும் மோட்டார் இருக்கும் மூலையும் ஆகாத இடங்கள், ஏனெனில் மின்மோட்டாரிலிருந்து எழக்கூடிய ஓசோன் லேடெக்ஸை வெடிக்கச் செய்யும். சீல்களில் மணமற்ற டால்க் தூவி, தளர்வாகச் சுருட்டி, காற்றோட்டமுள்ள அலமாரியில் வைத்தால் போதும். பித்தளை ஜிப்பைத் திறந்த நிலையில் வைக்க வேண்டும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க, கழுத்துச் சீலுக்குள் விளிம்பு மழுங்கிய மைலோ டின்னையும், மணிக்கட்டுச் சீல்களுக்குள் சிறிய தண்ணீர்ப் போத்தல்களையும் செருகி, ஜிப்பை மூடி, வெளியேற்றும் வால்வை இறுக்கி, உடையை மிதமாகக் காற்றால் நிரப்புங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்து பஞ்சால் தையல்கள் மீதும், முட்டி, அக்குள், கால் இடுக்கு ஆகிய இடங்களின் மீதும் ஒற்றி எடுத்தால், துளை உள்ள இடத்தில் நுரை குமிழ் குமிழாக வளரும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, சவர்க்காரத்தை அலசிவிட்டு, ஒரு முழு நாள் உலரவிட்ட பிறகே உட்புறத்தில் யூரேத்தேன் பசையைப் பூச வேண்டும். ஈரமான துணியில் பூசிய பசை அடுத்த முறை நீரில் இறங்கும்போதே உரிந்துவிடும்.